பல் முளைத்த கூழ்

அகராதியைப் புரட்டாமலேயே ஒரு சொல்லின் பொருள் தனக்குத் தெரியும் என்று நம்புகிற மனிதர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தின் மூத்த உறுப்பினர். காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அகராதிகள் இருந்த அலமாரிக்கும் என் நாற்காலிக்கும் நடுவே நாலு எட்டு தூரம்தான். அந்த நாலு எட்டை எடுத்து வைக்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தெரிந்ததை எதற்குப் போய்ப் பார்ப்பது என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு, கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில், ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு இறங்கியது. (நேரத்தில் பிழை இருக்காது. அந்த நிமிடத்தில் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி இருந்த முகங்களைப் பார்க்கிற தைரியம் இல்லை.)

எங்கள் ஒரே மகள் தேன்மொழி, வீட்டில் தேனு, வேளாண்மை படித்தவள். உருளைக்கிழங்கில் ஆராய்ச்சி. உருளைக்கிழங்கின் பிறந்த வீடு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை என்பதால், அவளும் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். பெரு நாட்டில் குஸ்கோ என்கிற மலை நகரத்தில் வேலை. போன மூன்றாம் வருடம், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்தாள். கூட வேலை பார்க்கும் வில்மர் என்ற உள்ளூர்ப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள்.

நான் அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன். நாலும் படித்தவன் என்று ஊரில் பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற வேண்டாமா? என் மனைவி சிவகாமி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பையனப் பெத்தவுகள நேர்ல பாக்காம நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்றாள். "புதுவயல்ல குடுக்கிறதுன்னாக்கூட நாலு பேர விசாரிப்போம். இது கடலுக்கு அங்குட்டு."

அதில் நியாயம் இருந்தது. பிள்ளையார்பட்டியில் போய் ஒரு தேங்காயை உடைத்து, "நல்லபடியா முடிச்சுக் குடுப்பா" என்று வேண்டிக்கொண்டு கிளம்புவதாக முடிவாயிற்று. ஆனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு சிக்கல் முளைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், பேச்சு முடிவாகிற வரைக்கும் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். உட்கார்ந்து சாப்பாட்டில் கையை வைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாகப் பொருள். சிவகாமி இதில் மிகவும் கறாரானவள்.

"போன ஒடனே என்னையச் சாப்பிட உக்கார வச்சிராதீக. பாத்துப் பேசி, மனசுக்குப் புடிச்சாத்தான் கை நனைப்பேன். இல்லாட்டி பச்சத் தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் அலறினாள்.

"அப்பா, அப்படிப் பண்ணீகன்னா எல்லாம் முடிஞ்சு போச்சு! இங்க அப்படியே தலகீழ். விருந்துக்குக் கூப்பிட்டு வச்சதச் சாப்பிடலன்னா, உங்க சம்பந்தமே வேணாம்னு அர்த்தம். வில்மரோட அம்மா ரொம்ப ரோசக்காரவுக. எங்க சாப்பாட்ட எளக்காரமாப் பாக்குற வீட்ல பொண்ணெடுக்க மாட்டேன்னு ஏற்கெனவே சொல்லிட்டாக. அம்மா என்ன வேணா பேசட்டும், பேசாம இருக்கட்டும். வச்சதச் சாப்பிட்டாப் போதும்."

ஆக, சிவகாமி சாப்பிட்டால் எங்கள் பக்கம் சம்மதம் சொன்ன மாதிரி. சாப்பிடாவிட்டால் அவர்கள் பக்கம் கல்யாணம் நின்ற மாதிரி. என் மகளின் வாழ்க்கை ஒரு தட்டுச் சோற்றில் வந்து நின்றது. இரண்டு கட்சிக்கும் நடுவே சமாதானத் தூதராக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்.

வழி பிறந்தது வில்மரின் வாயிலிருந்துதான். அடுத்த வாரம் அவனோடு வீடியோவில் பேசினேன். அவனுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, எனக்கும் அப்படித்தான். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்வதாக நினைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் முக்கியமான விருந்தாளிக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். "கூய்" என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காரணம் சொல்ல வேண்டும். இளவயதில் நூலகப் படிப்புக்காகச் சென்னையில் இரண்டு வருடம் இருந்தேன். நான் தங்கியிருந்த சந்தில் வாழைப்பழத்துக்கு வாயப்பயம் என்று பெயர். காலை ஏழரை மணிக்கு ஒரு அம்மாள் தலையில் பானையோடு "கூய்... கூயே..." என்று கூவிக்கொண்டு வருவார். கேழ்வரகுக் கூழ். ழகரம் யகரமாகத் திரிகிற அந்த அழகைப் பற்றி அப்போதே நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதே சொல், அதே ஒலி, பூமியின் மறுபக்கத்திலிருந்து, ஒரு மலைநாட்டுப் பையன் வாயில்!

ஆனாலும் நான் அவசரக்காரன் இல்லை. குறுக்கு விசாரணை செய்தேன்.

"பழைய உணவா?"

"ஆயிரக்கணக்கான வருடங்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே."

"உடம்புக்கு நல்லதா?"

"மிகவும். நோயாளிக்குக் கொடுப்போம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுப்போம்."

கூழேதான்! "எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். இணைப்பு விட்டு விட்டு வந்தது. "...புல்... வெறும் புல்தான்... அம்மா கையாலேயே..." என்பது மட்டும் காதில் விழுந்தது. கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாமே தாவரவியலில் புல் குடும்பம். இது சாதாரண ஆளுக்குத் தெரியாது. நான் படித்திருந்தேன். படித்திருந்ததுதான் வினை. கடைசியாக, ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கையையும் குவித்து ஒரு சின்னக் கலயம் அளவுக்குக் காட்டினான். வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்கே 'கடல் கடந்த கூழ்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை தொடங்கினேன். நாலு பக்கம் ஓடியது. இணையத்தில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பார்ப்பது என் ஆராய்ச்சிக்கே அவமானம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து சிவகாமியிடம் போனேன்.

"கூழ் குடிச்சா அது கை நனைக்கிறதாகுமா?"

அவள் யோசித்தாள். "டம்ளர்ல வாங்கி வாயில ஊத்திக்கிறதுதான? கை எங்க நனையுது? அது காப்பி கணக்குத்தான்."

"அப்ப அங்க உனக்குக் கூழ் குடுக்கச் சொல்லிட்டேன்னா?"

"அங்க ஏது கூழு?"

"இருக்கு. பேரே கூய்தான்."

"மெட்ராஸ்காரவுக யாரும் போயிருப்பாக" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

வில்மருக்குச் செய்தி அனுப்பினேன். 'என் மனைவி கூய் மட்டும்தான் எடுத்துக்கொள்வார். வேறு எதுவும் வேண்டாம்.' பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. கும்பிடும் கைகள் மூன்று, இதயங்கள் ஐந்து. கீழே ஒரு வரி: 'அம்மா அழுதுவிட்டார்.' ஒரு டம்ளர் கூழுக்கு இவ்வளவு உருகுகிறார்களே என்று எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் தேனு அழைத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அப்பா, நெசமாவா? அம்மா கூய் கேட்டாகளா? அது என்னன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேக்குற? நம்ம ஊர்ல அது தெரியாதவுக உண்டா? சின்னப் புள்ளையில அதச் சாப்பிட்டு வளந்தவந்தான் நானு."

"சாரிப்பா, எனக்கு இது தெரியாது. நீங்க சொன்னதே இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். (அந்த 'சாரி'யின் பொருள் எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. என் சொந்த ஊரான கோட்டையூர் வயல்காட்டில் நான் சின்ன வயதில் எலி பிடித்துத் தின்றிருக்கிறேன், அதை இத்தனை காலம் மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறேன் என்று நினைத்து மனம் இளகிவிட்டாளாம்.)

குஸ்கோவில் போய் இறங்கிய முதல் இரண்டு நாளும் மூச்சு வாங்குவதே முழுநேர வேலையாக இருந்தது. உயரம் அப்படி. பத்துப் படி ஏறினால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மகள் வீட்டு அடுப்படியைச் சிவகாமி கையில் எடுத்துக்கொண்டு பார்த்தாள். "தண்ணி தளதளன்னு கொதிக்கிது, அரிசி வேகல. ஊரே அரவேக்காட்டு ஊரால்ல இருக்கு" என்றாள். நான் காற்றழுத்தத்தைப் பற்றி விளக்கினேன். "நீங்க மூச்ச மிச்சம் பிடிங்க" என்றாள்.

விருந்துக்கு வியாழக்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வெள்ளியில்லை, கார்த்திகையில்லை, அமாவாசையில்லை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து உறுதி செய்திருந்தேன். கிழமை விஷயத்தில் நான் தப்பே செய்வதில்லை.

இடம், வில்மரின் தாய்மாமன் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. சரிவில் ஒரு தோட்டம், அதில் மரத்தடியில் மேசைகள், ஓர் ஓரத்தில் மண்ணடுப்பு. வெயில் சுளீரென்று அடித்தது, நிழலில் பல் கிட்டியது. வில்மரின் அம்மா ஹுஸ்தீனா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். இரட்டைப் பின்னல், உயரமான வெள்ளைத் தொப்பி, அடுக்கடுக்காகப் பாவாடை. நிமிர்ந்து நின்றார், சிரிக்கவில்லை. சிவகாமி கண்டாங்கிச் சேலையில் அதே மாதிரி நிமிர்ந்து நின்றாள், அவளும் சிரிக்கவில்லை. ஹுஸ்தீனா சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்தார். சிவகாமி அந்தம்மாவின் போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். துணி வரைக்கும் சம்மதம்.

வில்மரின் அப்பா ஃபோர்த்துனாத்தோ என்னைப் போலவே மெலிந்த, சாதுவான மனிதர். பெரிய கண்ணாடிக் குவளைகளில் எல்லோருக்கும் எதையோ ஊற்றினார். வைக்கோல் நிறம், மேலே நுரை, புளித்த வாசம். குடிப்பதற்கு முன் தன் குவளையிலிருந்து கொஞ்சத்தைத் தரையில் சாய்த்தார்.

"பூமிக்குக் குடுத்துட்டுக் குடிக்கிறாக" என்று சிவகாமி என் காதில் சொன்னாள். "நல்ல மனுசருதான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இந்தா, கூழ் வந்துருச்சு" என்று குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

எதிரே இருந்த தேனு பதறினாள். "அம்மா, அதப் பாத்து மெதுவா... அது வந்து..."

நான் கையை உயர்த்தி, "எனக்குத் தெரியும் தேனு" என்றேன்.

சிவகாமி ஒரே மூச்சில் பாதிக் குவளையை இறக்கினாள். "நல்லாப் புளிச்சிருக்கு. சின்ன வெங்காயம் ரெண்டு இருந்தா எடுப்பா இருக்கும்" என்றாள். மீதியையும் குடித்தாள். ஃபோர்த்துனாத்தோ மகிழ்ந்துபோய் இரண்டாவது குவளையை நிரப்பினார். அதுவும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ஒரு செம்மை படர்ந்தது. தன் அண்ணன் நிலப் பாகப்பிரிவினையில் செய்த அநியாயத்தை ஃபோர்த்துனாத்தோவுக்குத் தமிழிலேயே விவரிக்கத் தொடங்கினாள். அவர் ஒவ்வொரு இடத்திலும் சரியாகத் தலையை ஆட்டினார். இருபத்தாறு வருடத்தில் நான் அப்படி ஆட்டியதில்லை.

(அது மக்காச்சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்க வைத்த கள் என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.)

இரண்டு மணி பத்து நிமிடம். அடுப்புப் பக்கமிருந்து தாய்மாமனே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று, சிவகாமிக்கு ஒன்று. வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய், "கூய்!" என்று அறிவித்தார்.

நீள்வட்டத் தட்டு. அதில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, பொன்னிறமாக வறுபட்டு, முழுசாக ஒரு பிராணி. தலை இருந்தது. காது இருந்தது. விரல்களில் நகம் இருந்தது. உச்சந்தலையில் ஒரு தக்காளித் துண்டைத் தொப்பி மாதிரி வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து, மேல் பல் இரண்டும் கீழ்ப் பல் இரண்டும் தெரிய, சிவகாமியைப் பார்த்துச் சிரித்தது.

மேசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இந்த ஒன்றை மட்டும்தான் சாப்பிடுவேன் என்று உலகத்தின் மறுகோடியிலிருந்து சொல்லியனுப்பிய சீமாட்டி அல்லவா?

சிவகாமி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க. கூழுன்னு சொன்னீக."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"கூழுக்குப் பல்லு இருக்கு."

"சிவகாமி, கொஞ்சம் மெதுவா..."

"பெருச்சாளி! பிள்ளையார்பட்டியில தேங்கா ஒடச்சுட்டுக் கெளம்பி வந்தோம். இங்க அவரு வண்டிய வறுத்து வச்சிருக்காக!"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அது எலியே இல்ல, கினிப்பன்றி. கொறிக்கிற பிராணிதான், ஆனா வேற குடும்பம். வால் இருக்கா பாரு" என்றேன்.

"வால அறுத்திருப்பாக."

"அம்மா" என்றாள் தேனு. அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க கேட்டீகன்னுதான இவுக..."

"நான் எப்படிக் கேட்டேன்? இது இருக்கிறதே எனக்குத் தெரியாது!"

தாயும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கூழ், கூய், சென்னைச் சந்து, பானை அம்மாள், புல் குடும்பம், நாலு பக்கக் கட்டுரை. தேனு ஒவ்வொரு வரியாக ஸ்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, என் காதிலேயே அது ஒரு பைத்தியக்காரனின் வாக்குமூலமாக ஒலித்தது. வில்மர் ஒரு கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கியது சிரிப்பாலா, வருத்தத்தாலா என்று தெரியவில்லை.

ஹுஸ்தீனா சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தேனு அதை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாக?" என்றாள் சிவகாமி.

தேனுவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்ப அவுகளுக்கு என் கூய் வேணாமான்னு கேக்குறாகம்மா. இது கடையில வாங்குனது இல்ல. வீட்ல, அவுக அடுப்படியில, அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சு வளத்தது. மாசக் கணக்கா அவுக கையாலயே புல்லு போட்டு வளத்தது. இருக்கிறதுலயே நல்லதா ரெண்டத் தேடி எடுத்து உங்களுக்கும் அப்பாவுக்கும்னு கொண்டு வந்திருக்காக."

ஹுஸ்தீனா மடியிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவர் எழுந்துவிட்டால் என் மகளின் கல்யாணமும் அவரோடு எழுந்து போய்விடும். மூன்று விமானம் மாறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, நான் வந்து செய்து முடித்த காரியம் அது.

சிவகாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்படியிலயா வளத்தாக?"

"ஆமாம்மா."

"நானும் நாலு கோழி வளத்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "கல்யாணமாகி வந்த புதுசுல. உங்க அப்பா வீட்டு ஆளுக வந்தாகன்னு அதுல நல்லதா ஒண்ண அடிச்சுக் கொழம்பு வச்சேன். எனக்குத் தொண்டையில எறங்கல. அவுக சாப்பிடுறதக் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாராச்சும் வேணாம்னு தள்ளியிருந்தா நான் செத்திருப்பேன்."

இருபத்தாறு வருடமாக இது எனக்குத் தெரியாது. என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு 'கோழிக் குழம்பு, நன்று' என்று எழுதியிருப்பேன்.

அவள் தன் தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். சாமி படத்துக்கு முன் தாம்பாளம் வைப்பது போல என் முன்னால் வைத்தாள்.

"தேனு, உன் மாமியாகிட்டச் சொல்லு. நான் பிள்ளையாருக்குப் பயந்தவ, என்னைய மன்னிச்சுக்கிறச் சொல்லு. ஆனா அவுக சமையல் ஒண்ணுகூட வீணாப் போகாது. கேட்டவரு இவரு. ரெண்டையும் இவரே சாப்பிடுவாரு. எலும்பு மட்டுந்தான் மிஞ்சும்."

தேனு மொழிபெயர்க்கவில்லை. "அம்மா, என்ன சொன்னீக?"

"ரெண்டையும் இவரே சாப்பிடுவாருன்னேன்."

"அதுக்கு முன்னால. உன் மாமியான்னு சொன்னீக."

"பின்ன மாமியாவ மாமியான்னு சொல்லாம கலெக்டருன்னா சொல்லுவாக?" என்று சிவகாமி அதட்டினாள். "சொல்லுடி. அந்தம்மா முகம் வாடிப்போயி நிக்குது. அப்படியே இன்னொரு டம்ளர் கூழு ஊத்தச் சொல்லு. அது நல்லா இருந்துச்சு."

தேனு அழுதுகொண்டே சொன்னாள். ஹுஸ்தீனா பொறுமையாகக் கேட்டார். கடைசி வரி வந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. காலிக் குவளையைக் காட்டி ஏதோ கேட்டார். இதையா கூழ் என்று நினைத்தீர்கள்? இரண்டு குவளையா? தேனு தலையாட்டினாள். அப்போதுதான் அந்தம்மா சிரித்தார். தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். விழுந்த தொப்பியைச் சிவகாமி எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். ஹுஸ்தீனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றைத் தன் கையால் உரித்து, அரைத்த மிளகாயில் தோய்த்து நீட்டினார். சிவகாமி வாங்கி வாயில் போட்டாள்.

"ஒறப்புப் பத்தல" என்றாள். பிறகு தானே கிண்ணத்தை இழுத்து, கிழங்கைப் பிசைந்து, ஐந்து விரலும் மிளகாயில் தோய அடுத்த வாய் எடுத்தாள்.

வில்மருக்கும் ஃபோர்த்துனாத்தோவுக்கும் அது வெறும் உருளைக்கிழங்கு. தேனுவும் நானும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க நேரமில்லை. முன்னால் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். முதலாவதைத் தலை அந்தப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தேன். ஃபோர்த்துனாத்தோ, மரியாதையாக, தலை என் பக்கம் இருக்கும்படி மறுபடி திருப்பினார். ருசி என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. காடையும் முயலும் கலந்த மாதிரி, மேல்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே ஏதோ மலைக்கீரை வாசத்தோடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் காரைக்குடியில் எந்தக் கடையிலும் தலைமை ஏற்கும். கண்ணைத் திறந்தால் பல். ஒன்றை முடித்தபோது மணி மூன்று ஐந்து. பாதிப் பிராணனோடு நிமிர்ந்தேன். ஹுஸ்தீனா கன்னத்தில் கை வைத்து, கனிந்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதைத் தொடங்கினேன். நடுவில் ஃபோர்த்துனாத்தோ அதன் காதுப் பக்கம் நோண்டி ஒரு பொடி எலும்பை எடுத்தார். நரி வடிவத்தில் இருக்குமாம், விழுங்கினால் அதிர்ஷ்டமாம். சோளக் கள்ளில் போட்டுக் கொடுத்தார். விழுங்கினேன். அன்று என்னை நரியாக மாறச் சொல்லியிருந்தாலும் மாறியிருப்பேன்.

நாலு மணிக்கு இரண்டு தட்டும் காலி. அடுத்த இரண்டு நாள்களுக்கு என் நாட்குறிப்பில் ஒரே சொல்தான் இருக்கிறது: 'படுக்கை.'

மறுநாள் காலை சிவகாமி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நேத்து நான் கை நனைச்சேனா?"

"நனைச்ச."

"எதுல?"

"உருளக்கெழங்குல."

"சரி, போகட்டும். நனைச்சது நனைச்சதுதான்" என்றாள். "அந்தம்மா நல்லவுக. தொப்பிதான் நிக்க மாட்டேங்குது."

தை மாதம் காரைக்குடியில் கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் வீட்டில் நான் எந்தச் சொல்லுக்கு மூலம் சொல்லத் தொடங்கினாலும், அது எவ்வளவு உறுதியான தகவலாக இருந்தாலும், சிவகாமி கேட்கிற முதல் கேள்வி, "அதுக்குப் பல்லு இருக்கான்னு பாத்தீகளா?" என்பதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் இது பரவிவிட்டது. 'கடல் கடந்த கூழ்' நாலாம் பக்கத்தோடு நிற்கிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குஸ்கோவில் இந்தக் கதை வேறு மாதிரி வழங்குகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அங்கே கூழும் இல்லை, குழப்பமும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, கூய் மீது இருந்த ஆசையில் பெண்டாட்டியின் தட்டையும் பிடுங்கி, இரண்டு முழுக் கூயை ஒரே அமர்வில் தீர்த்துவிட்டார். அவ்வளவுதான் கதை. வில்மரின் உறவுக்காரர்கள் நூறு பேருக்கு என்னை அப்படித்தான் தெரியும். தகவல் பிழையை உடனே திருத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. திருத்தினால் ஹுஸ்தீனா மனம் நோகும் என்று மகள் தடுத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனு மாமியார் வீட்டிலிருந்து வீடியோவில் பேசும்போது, ஹுஸ்தீனா அடுப்புக்குப் பக்கத்திலிருந்து கொழுகொழுவென்று ஒன்றைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினார். உயிரோடு, மூக்கை ஆட்டிக்கொண்டு இருந்தது. எனக்காகத் தனியாகப் புல் போட்டு வளர்க்கிறாராம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இழுத்தேன்.

அடுப்படியிலிருந்து சிவகாமியின் குரல் வந்தது.

"அடுத்த மாசமே வாராகன்னு சொல்லு தேனு. ரெண்டா வளக்கச் சொல்லு. ஒண்ணு பத்தாது இவருக்கு."